குப்பை என்று எண்ணிய குமிழ்கள்

மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தின் கண்ணெல்லாம் வடத்தின்மீதும் தேரின் உச்சியின்மீதும் இருக்கும். சிறு வயது முதலே நான் சக்கரத்தைப் பார்ப்பவன். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையில் முட்டுக்கட்டையுடன் ஒருவர் நடந்து வருவார். நூற்றுக்கணக்கானோர் இழுத்துவரும் தேர், அவர் குனிந்து சக்கரத்தின் அடியில் இடும் ஒரு மரக்கட்டைக்குக் கட்டுப்பட்டு நிற்கும். மாட வீதியின் மூலையில் மெல்லத் திரும்பும். அந்தக் கட்டை இல்லையேல் தேர் யார் வீட்டுத் திண்ணையின்மேல் ஏறும் என்று சொல்ல முடியாது. “முட்டுக்கட்டை போடுகிறான்” என்று நாம் பிறரை இகழ்ந்து பேசிப் பழகிவிட்டோம். தேருக்கோ அது காவல்.

தேரின் முட்டுக்கட்டையை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் ஒரு நண்பர். என்னுடன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரே பள்ளியில் பணியாற்றிய கணித ஆசிரியர் அவர். 2021ஆம் ஆண்டில் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டது. உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிட்டு, அதைக் கொண்டே புற்றை அழிக்கும் புதிய மருந்து ஒன்றை மருத்துவர்கள் பரிந்துரைத்தனர். மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஊசி வழியாக ஏற்ற வேண்டும். விலையைக் கேட்டபோது ஓய்வூதியக்காரரான அவர் சற்று நேரம் பேசவில்லை. அவருடைய துணைவியார் தியாகராய நகரில் உஸ்மான் சாலைக்குச் சென்று, திருமணத்தின்போது போட்ட வளையல்களை விற்று வந்தார். சில மாதங்கள் மருந்து ஏறியது. பிறகு எடுத்த படத்தில் கட்டி முன்னைக் காட்டிலும் பெரிதாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் அமர்ந்து அதே நோய்க்கு அதே மருந்தை ஏற்றிக்கொண்ட அடையாற்றுக்காரர் ஒருவரோ நலமடைந்து தம் வேலைக்குத் திரும்பிவிட்டார். இதில் பொறாமைப்படும் இயல்பு என் நண்பருக்கு இல்லை. ஆனால் அவர் கணித ஆசிரியர். “ஒரே வினாத்தாள், ஒரே விடை, அவருக்கு நூறு மதிப்பெண், எனக்குச் சுழியம். வழிமுறையில் எங்கே பிழை? நீங்கள் அறிவியல் ஆசிரியர்தானே, சார், தேடிப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். 

மாணவ நண்பர்களே, அவருக்காகத் தேடத் தொடங்கியதில் நான் கற்றுக்கொண்டதையே உங்களிடம் இப்போது கூறப்போகிறேன்.

முதலில் அந்த மருந்து செய்வது யாது என்பதைப் பார்ப்போம். நம் இரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் டி வகை வெள்ளணுக்கள் என்னும் காவலர்கள் இருக்கின்றனர். அயலாரையும் கெட்டுப்போன சொந்த உயிரணுக்களையும் அடையாளம் கண்டு கொல்வது இவற்றின் தொழில். கொல்லும் தொழில் உடையவர்க்குக் கட்டுப்பாடும் வேண்டும் அல்லவா? கட்டுப்பாடு தவறினால் அவை நம் மூட்டுகளையும் தோலையும் குடலையும் தாக்கத் தொடங்கிவிடும். ஆகவே டி அணுவின் மேற்பரப்பில் பி.டி.1 என்னும் ஏற்பி ஒன்றை இயற்கை அமைத்திருக்கிறது. வேறோர் உயிரணு, தன் மேற்பரப்பில் உள்ள பி.டி.எல்.1 என்னும் புரதத்தைக் கொண்டு இந்த ஏற்பியைத் தொட்டால் டி அணு அடங்கி நின்றுவிடும். பி.டி.எல்.1 என்பது முட்டுக்கட்டை, பி.டி.1 என்பது சக்கரத்தில் அக்கட்டை பற்றும் இடம். நலமான உறுப்புகள் தம்மைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் இந்தக் கட்டையைப் புற்றணுவும் கையில் எடுத்துக்கொள்கிறது. காவலர் கிட்டே வந்ததும் கட்டையைப் போட்டுவிடுகிறது.

ஜப்பானில் தசுக்கு ஹோஞ்சோ என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பி.டி.1 கண்டறியப்பட்டது 1992ஆம் ஆண்டில். இதைப் போன்ற மற்றொரு தடையை அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆலிசன் ஆராய்ந்தார். தடையை எதிர்ப்பொருள் ஒன்றால் மறைத்துவிட்டால் டி அணுக்கள் மீண்டும் புற்றைத் தாக்கும் என்பதை இவர்கள் நிலைநாட்டினர். இருவருக்கும் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. என் நண்பருக்கு ஏற்றப்பட்டதும் இந்த இனத்தைச் சேர்ந்த மருந்துதான். இவற்றுள் சில, சக்கரத்தில் கட்டை பற்றும் இடத்தை மூடிவிடும். சில, கட்டையையே பிடித்துக்கொள்ளும். கைவிடப்பட்ட நோயாளிகள் சிலர் இம்மருந்துகளால் பல்லாண்டுகள் வாழ்கின்றனர். ஆயினும் பல வகைப் புற்றுநோய்களில் நீடித்த பயன் பெறுவோர் சிறுபான்மையினரே. மற்றவர்களுக்கு ஏன் பயனில்லை என்பதற்கு விடைகள் பல உண்டு. புற்றுக்குப் புற்று அவை வேறுபடும். அவ்விடைகளுள் ஒன்று, நான் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த 1983ஆம் ஆண்டில், யாரும் பொருட்படுத்தாத ஓர் ஆய்விலிருந்து புறப்பட்டது.

கனடா நாட்டின் மான்ட்ரியால் நகரில் ரோஸ் ஜான்ஸ்டோன் என்னும் அம்மையார் செம்மறியாட்டின் இளம் சிவப்பணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். இளம் சிவப்பணு முதிரும்போது, இரும்புச் சத்தை உள்ளே கொணரும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பிலிருந்து நீக்கிவிடுகிறது. வேலை முடிந்த கருவியை யார் வைத்துக்கொண்டிருப்பார்கள்? ஆனால் அவை எங்கே போகின்றன? அணுவுக்குள்ளேயே செரிக்கப்படும் என்பதுதான் அக்காலத்து எண்ணம். அவ்வாறன்றி அவை மிகச் சிறிய குமிழ்களில் பொதியப்பட்டு வெளியே எறியப்படுவதை ஜான்ஸ்டோன் குழுவினர் கண்டனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் மற்றொரு குழுவினரும் எலியின் சிவப்பணுக்களில் இதையே கண்டனர். 1987ஆம் ஆண்டில் ஜான்ஸ்டோன் இக்குமிழ்களுக்கு எக்ஸோசோம் என்று பெயர் சூட்டினார். அதற்கும் முன்னரே, 1967ஆம் ஆண்டில், பீட்டர் உல்ஃப் என்பவர் இரத்தத் தட்டணுக்களிலிருந்து உதிர்ந்த நுண்பொருளைக் கண்டு அதற்குத் தட்டணுத் தூசி என்று பெயரிட்டிருந்தார். ஒருவருக்குத் தூசி, மற்றவருக்குக் குப்பைக் கூடை. அடுத்த பத்தாண்டுக் காலம் அறிவியலுலகம் பெரும்பாலும் இதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. நானும் பழைய குறிப்பேடுகளைப் பார்க்காமலே எடைக்குப் போட்டுப் பின்னர் வருந்தியவன் ஆதலின் அவர்களைக் குறை கூற முன்வரவில்லை.

இக்குமிழ்களின் அளவைச் சொல்கிறேன். எக்ஸோசோம் ஒன்றின் குறுக்களவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் வரை. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்று கொண்டால், அதன் குறுக்கே 100 நானோமீட்டர் அளவுள்ள குமிழ்கள் 800ஐ வரிசையாக நிறுத்தலாம். பள்ளியில் நீங்கள் பயன்படுத்தும் நுண்ணோக்கியில் இவை தென்படா. மின்னணு நுண்ணோக்கி வேண்டும். இவையே அல்லாமல் அணுவின் புறச்சவ்வு நேராக மொட்டுவிட்டு உதிரும் சற்றுப் பெரிய குமிழ்களும் உண்டு. பரிசோதனைக் குழாயில் இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. ஆகையால் ஆய்வாளர்கள் இப்போது அணுப்புறக் குமிழ்கள் என்று பொதுப்பெயரிட்டு அழைப்பதையே விரும்புகின்றனர். நான் குமிழ் என்றே சொல்லிச் செல்கிறேன்.

இவை உண்டாகும் விதத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். பின்னால் வரும் செய்திக்கு இதுவே திறவுகோல். அணுவின் புறச்சவ்வு ஓரிடத்தில் உட்குழிந்து, கிள்ளிவிட்டாற்போல் ஒரு பையாகப் பிரிந்து உள்ளே செல்கிறது. அந்தப் பையின் சுவர் மறுபடியும் உட்குழிந்து, பைக்குள் பல சிறு குமிழ்களைத் தோற்றுவிக்கிறது. பின்னர் அந்தப் பெரிய பை புறச்சவ்வை அடைந்து அதனுடன் ஒட்டித் திறந்துகொள்ள, உள்ளிருந்த சிறு குமிழ்கள் வெளியே கொட்டுகின்றன. இப்போது ஒரு கேள்வி: அணுவின் மேற்பரப்பில் வெளிநோக்கி நின்ற புரதம், குமிழின்மேல் எந்தப் பக்கம் நோக்கி நிற்கும்? சட்டையின் கைப்பகுதியை ஒருமுறை உள்வெளியாகத் திருப்புங்கள். மடிப்பும் தையலும் வெளியே தெரியும். இன்னொரு முறை திருப்புங்கள். பழையபடி நல்ல பக்கம் வெளியே வந்துவிடும். சவ்வும் இருமுறை திரும்புகிறது. ஆதலால் அணுவின்மேல் வெளிநோக்கி நின்ற புரதம் குமிழின்மேலும் வெளிநோக்கியே நிற்கிறது. குமிழ், தன்னை ஈன்ற அணுவின் சிறிய உருவப்படம் எனலாம். தாயணுவின் மேற்பரப்பில் முட்டுக்கட்டை இருந்தால், சேயின் மேற்பரப்பிலும் முட்டுக்கட்டை இருக்கக்கூடும்.

குப்பை என்ற எண்ணம் 1996ஆம் ஆண்டில் மாறத் தொடங்கியது. பி வகை வெள்ளணுக்கள் வெளியிடும் குமிழ்களின்மேல், நோய்க் கிருமியின் துணுக்குகளைத் தாங்கிக் காட்டும் புரதங்கள் இருப்பதையும், அக்குமிழ்களே டி அணுக்களைத் தூண்டவல்லன என்பதையும் கிராசா ரபோசோ என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் காட்டினர். எறிந்த குப்பையில் குற்றவாளியின் புகைப்படம் இருந்தது என்றால் காவல் நிலையத்தில் எத்தகைய பரபரப்பு உண்டாகும்! இரண்டாண்டு கழித்து, 1998இல், பாரிஸ் நகரில் லாரன்ஸ் சித்வோகெல் என்னும் அம்மையாரின் குழுவினர் ஒருபடி மேலே சென்றனர். கிளையணுக்கள் என்று ஒரு வகை வெள்ளணுக்கள் உண்டு. மரக்கிளைபோல் கைகளை நீட்டிக்கொண்டு, புதிய பகைவனின் அடையாளத்தை டி அணுக்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் இவை. எங்கள் இனம் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வதுண்டு. இந்தக் கிளையணுக்களைப் புற்றின் துணுக்குகளோடு பழக்கி, அவை வெளியிட்ட குமிழ்களை மட்டும் எடுத்துச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, கட்டிகள் வளர்ச்சி குன்றின. சில மறைந்தே போயின. ஆசிரியர் வகுப்புக்கு வரவில்லை. அவர் எழுதி அனுப்பிய குறிப்பே பாடத்தை நடத்திவிட்டது.

கிளையணுவைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் ஸ்டைன்மன், 1973ஆம் ஆண்டில். அவருக்கே கணையத்தில் புற்றுநோய் வந்தபோது, தம் உடலிலிருந்து எடுத்த கிளையணுக்களைக் கொண்டு செய்த தடுப்பு மருந்துகளையும் அவர் ஏற்றுக்கொண்டார். 2011 அக்டோபர் 3ஆம் நாள் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று நாள் முன்னரே அவர் இறந்துவிட்டார் என்பது பரிசுக் குழுவுக்குத் தெரியாது.

இந்தக் கிளையணுவை வைத்து மருத்துவம் செய்ய முயன்ற இடங்களுள் ஒன்று நம் அடையாறு. இங்குள்ள புற்றுநோய் நிலையத்தின் ஆய்வாளர்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கிளையணுத் தடுப்பு மருந்தைத் தயாரித்து, சிறிய அளவில் நோயாளிகளிடம் சோதித்து, 2014ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அந்த நிலையம் பிறந்த வரலாறும் இந்தப் பேச்சுக்குப் புறம்பானதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம் அவரை விடவில்லை. 1952இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் அந்நிலையம் திறக்கப்பட்டது. அன்று அங்கே இருந்தவை குடிசைகளும் பன்னிரண்டு படுக்கைகளும்தாம். அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்தவர் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த டாக்டர் சாந்தா. 2021 ஜனவரியில் மறையும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடாக இருந்தது. பணம் இல்லை என்பதற்காக ஒருவருக்கு மருத்துவம் மறுக்கப்படலாகாது என்ற கொள்கை அங்கே தொடக்கம் முதல் உண்டு. ஆனால் மருந்தின் விலை இலட்சங்களில் ஏறும்போது எந்தக் கொள்கைக்கும் மூச்சுத் திணறும். யாருக்கு அது பயன்படும் என்று முன்கூட்டியே அறிய முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

குமிழ்கள் ஆசிரியரின் குறிப்பாகவும் இருக்கும். வஞ்சகனின் கடிதமாகவும் இருக்கும். இயற்கையில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு கருவுற்ற தாய். குழந்தையின் உடலில் பாதி தந்தையின் பங்கு. ஆகவே தாயின் வெள்ளணுக்களுக்கு அது அயலானே. இருந்தும் அவை குழந்தையைத் தாக்குவதில்லை. இதற்கான காரணங்கள் பலவற்றுள் ஒன்று, நஞ்சுக்கொடி தாயின் இரத்தத்தில் இடைவிடாது விடும் குமிழ்கள். அவை தாயின் வெள்ளணுக்களைச் சமாதானப்படுத்துகின்றன. ஒரு குழந்தை பிறக்கவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட இந்தத் தந்திரத்தைப் புற்றுநோய் களவாடிக்கொண்டது. புற்றணுக்கள் குமிழ்களை ஏராளமாக வெளியிடுகின்றன. அவற்றுள் சில வெள்ளணுக்களை மயக்குகின்றன; சில அவற்றைக் கொல்லவும் செய்கின்றன. இன்னும் சில தொலைவிலுள்ள ஈரலுக்கோ நுரையீரலுக்கோ முன்கூட்டியே சென்று, பின்னால் வரவிருக்கும் புற்றணுக்களுக்கு நிலத்தைப் பண்படுத்தி வைக்கின்றன. எந்தக் குமிழ் எந்த உறுப்புக்குப் போகும் என்பதை அதன்மேலுள்ள இன்டெக்ரின் என்னும் புரதங்கள் முகவரிபோல் நின்று தீர்மானிக்கின்றன என்பதை நியூயார்க் நகரின் டேவிட் லைடனும் அவருடைய கூட்டாளிகளும் 2015இல் காட்டினர்.

இனி என் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வெய் குவோ என்பவரும் உடன் ஆய்வாளர்களும் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயை ஆராய்ந்தனர். அப்புற்றணுக்கள் விடும் குமிழ்களின்மேல் பி.டி.எல்.1 நிறைந்திருப்பதையும், அது வெளிநோக்கி நின்று டி அணுக்களை அடக்குவதையும் அவர்கள் கண்டனர். சட்டைக் கையின் கணக்கு இங்கே சரியாகிறது. மருந்து தயாரித்தவர்கள், புற்றின் பக்கத்தில் டி அணு வரும்போதுதான் முட்டுக்கட்டை விழும் என்று கருதியிருந்தனர். தேரோ வடக்கு மாட வீதியில் வருகிறது. கட்டைக்காரன் தெற்கு மாட வீதியில் நிற்கிறான். ஆனால் அவன் தன் இடத்தை விட்டு நகராமலே, கையளவுக் கட்டைகளை ஆயிரக்கணக்கில் எல்லாத் தெருக்களிலும் வீசிவிட்டால்? தேர் நிலையை விட்டுப் புறப்படும்போதே சிக்கிக்கொள்ளும். கட்டையைப் பிடுங்குவதற்கென்று நாம் அனுப்பிய ஆள்களோ, தெருவில் கிடக்கும் சில்லறைக் கட்டைகளை அள்ளுவதிலேயே கை நிறைந்து, உண்மையான கட்டைக்காரனிடம் போய்ச் சேரவே மாட்டார்கள். கட்டையைப் பிடித்துக்கொள்ளும் வகை மருந்து, இவ்வாறு குமிழ்களில் வீணாவதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கின்றனர்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. டி அணுக்கள் புற்றைத் தாக்கும்போது இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரக்கின்றன. அது அவற்றின் போர் முழக்கம். அந்த முழக்கத்தைக் கேட்டதும் புற்றணு முன்னிலும் அதிகமான முட்டுக்கட்டைகளைக் குமிழ்களில் ஏற்றி வீசுகிறது. இதனால் நோயாளியின் இரத்தத்தில் இக்குமிழ்களை அளந்து பார்ப்பதற்கு இரு வேறு பொருள் உண்டாகிறது. மருத்துவம் தொடங்குமுன்னரே அளவு மிகுந்திருந்தால், அந்நோயாளிகளுக்குப் பெரும்பாலும் மருந்து பயன்படவில்லை; அவர்களுடைய டி அணுக்கள் ஏற்கெனவே சோர்ந்துவிட்டன என்பது ஆய்வாளர் கருத்து. மருத்துவம் தொடங்கிய சில வாரங்களில் அளவு உயர்ந்தவர்களுக்கோ பயன் இருந்தது. அங்கே போர் நடக்கிறது என்பதன் அடையாளம் அது. ஒரே எண், முன்னால் வந்தால் தீக்குறி, பின்னால் வந்தால் நற்குறி. கணிதத்தில் வரிசை மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது என்று கற்றுக்கொடுத்த என் நண்பர் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

மறு ஆண்டில், கலிபோர்னியாவில் ராபர்ட் பிளெல்லோக் குழுவினர் சுண்டெலிகளில் மற்றொரு சோதனை செய்தனர். குமிழ்களை வெளியிடும் ஆற்றலைப் புற்றணுக்களிடமிருந்து மரபணு மாற்றத்தால் நீக்கிவிட்டு, அந்த அணுக்களை எலிகளின் உடலில் வைத்தனர். கட்டி வளரவில்லை, எலியின் வெள்ளணுக்களே அதை ஒழித்துவிட்டன. அத்துடன் நில்லாமல், குமிழ் விடும் சாதாரணப் புற்றணுக்களைப் பின்னர் வைத்தபோதும் அந்த எலிகள் அவற்றை எதிர்த்து நின்றன. ஒருமுறை முழுப் பாடத்தையும் கற்றுக்கொண்ட டி அணுக்கள் அதை மறக்கவில்லை. குமிழ் விடுவதை மருந்தால் நிறுத்திவிட்டால் என்ன என்ற ஆசை இயல்பாகவே எழும். ஆனால் நம் உடலின் நலமான அணுக்களும் அதே வழியாகத்தான் குமிழ் விடுகின்றன. புற்றை மட்டும் வாயடைக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.

நல்ல குமிழ்களை மருந்தாக்கும் முயற்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சித்வோகெல் அம்மையாரின் எலிச் சோதனைக்குப் பிறகு, கிளையணுக் குமிழ்களை மனிதர்க்குக் கொடுத்துப் பார்த்த முதற்கட்ட முடிவுகள் 2005இல் வெளிவந்தன. தீங்கு பெரிதாக இல்லை. பிரான்சில் நடந்த அடுத்த கட்டத்தின் முடிவு 2016இல் வந்தது. நுரையீரல் புற்றுநோயுடைய 22 பேர் அதில் பங்குகொண்டனர். நான்கு மாதம் நோய் வளராமல் இருப்போர் பாதிப்பேராவது வேண்டும் என்று முன்கூட்டியே இலக்கு வைத்திருந்தனர். இருந்தவர் 7 பேர். இலக்கு எட்டப்படவில்லை என்று அவர்களே எழுதினர். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. தியாகராய நகரில் அழகு நிலையம் ஒன்றின் பலகையில் ‘எக்ஸோசோம் சிகிச்சை’ என்று முகப்பொலிவுக்கு விளம்பரம் செய்திருப்பதை அண்மையில் கண்டேன். அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம், தான் ஒப்புதல் அளித்த எக்ஸோசோம் மருந்து எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரிலேயே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. புற்றுநோய் ஆய்வாளர்கள் தயங்கி நடக்கும் பாதையில் அழகு நிலையம் ஓடுகிறது!

விலையைப் பற்றிய செய்தி ஒன்று. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள், தலை, கழுத்துப் பகுதிகளில் முற்றிய புற்றுநோயுடைய 151 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான மாத்திரைகளோடு பி.டி.1ஐ மூடும் நிவோலுமாப் என்னும் மருந்தை வெறும் 20 மில்லிகிராம் அளவில் சேர்த்துக் கொடுத்தனர். அதன் வழக்கமான அளவு 240 மில்லிகிராம். பன்னிரண்டில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஓராண்டு கடந்து உயிருடன் இருந்தவர்கள் மருந்து சேராத பிரிவில் நூற்றுக்கு 16.3, சேர்ந்த பிரிவில் 43.4. இம்முடிவு 2022இல் வெளிவந்தது. ஏழை நாட்டு மருத்துவர்களின் அறிவுக்கூர்மை இதில் விளங்குகிறது. ஆனாலும் அந்த நல்ல பிரிவிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டைக் கடக்கவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது. அவர்கள் யார் என்று முன்னரே அறிவதற்கு, ஒரு சிறு குப்பி இரத்தத்தில் கோடிக்கணக்கில் மிதக்கும் இக்குமிழ்கள் உதவக்கூடும். கட்டியில் ஊசி குத்திச் சதை எடுக்காமல் இரத்தத்தில் அதன் உருவப்படத்தைப் பார்க்கும் வழி இது. எனினும், புற்றணுவின் குமிழையும் நல்லணுவின் குமிழையும் பிரித்தெடுப்பதற்கு ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் முறை வேறுபடுகிறது. ஓரிடத்து எண்ணை மற்றோரிடத்து எண்ணோடு ஒப்பிட முடிவதில்லை. அளவுகோல் ஒன்றாகும்வரை அதை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவர இயலாது.

இவ்வளவையும் இரண்டு தாளில் படங்களோடு எழுதி முடித்தபோது 2022ஆம் ஆண்டின் மாரிக்காலம் வந்துவிட்டது. என் நண்பர் அதற்கு முன்பே, அவ்வாண்டின் பங்குனியில், தேர் ஓடி முடிந்த வாரத்தில் காலமாகியிருந்தார். தாள்களை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குச் சென்றேன். துணைவியார் காபி கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்து கேட்டார். சட்டைக் கையைத் திருப்பிக் காட்டியபோது தலையசைத்தார். அவருக்கு நேர்ந்தது இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. அவர் இரத்தத்தில் குமிழ்களை யாரும் அளந்து பார்த்ததில்லை. இப்படியும் நேரலாம் என்பதையே சொன்னேன்.

“முன்னாடியே அளந்து பார்த்திருந்தால் வளையல்களை விற்றிருக்க வேண்டாமோ, சார்?” என்று கேட்டார்.

அன்று அத்தகைய சோதனை எந்த மருத்துவமனையிலும் வழக்கத்தில் இல்லை என்றேன். இன்றும் இல்லை. அவர் தாள்களை வாங்கி, கணவரின் பழைய பாடக் குறிப்பேடு ஒன்றினுள் வைத்து மூடினார்.